பையில் தங்கிய கல்

1

இந்தக் கதை திங்கட்கிழமை வந்த ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. அழைத்தவள் எங்கள் பள்ளிப் பெண்கள் கிரிக்கெட் அணியின் அந்நாள் கேப்டன். எந்நேரமும் யாரையாவது வேலை ஏவிக்கொண்டிருப்பாள் என்பதால் அவளுக்கு மேஸ்திரி என்று பெயர்.

"குருவியோட பொண்ணு ஸ்கூல் டீம்ல சேரணுங்கிறா. குருவி ஃபாரத்துல கையெழுத்துப் போட மாட்டேங்கிறா. 'என் ரத்தம்தானே, கடைசிப் பந்துல கோட்டை விட்டுடுவா'ன்னு சொல்றா. வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

மேசையில் பேனாவைத் தேடி எடுத்தேன்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். இதை எழுதணும்."

"எழுதப் போறாளாம். போய் நேர்ல பேசுடி."

எனக்குப் பேச்சு வராது. எழுத்தும் இழுத்துப் பிடித்தால்தான் வரும்.

2

முதல் தொடக்கம்: 'அந்த ஆண்டின் வெயில் எங்கள் தோள்களில்...' வெயிலுக்கு இதில் வேலையில்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: 'ஆறு ஆட்டம் ஆடினோம், ஆறிலும் தோற்றோம்.' உண்மை. இருக்கட்டும்.

தோற்றதுகூடப் பெரிதில்லை. ஒன்றில்கூட இருபது ஓவர் முழுதாக நாங்கள் நிற்கவில்லை. ஏழாவது, கடைசி ஆட்டத்துக்கு முன் தலைமையாசிரியை கூப்பிட்டார்.

"ஜெயிக்க வேணாம். இருபது ஓவர் ஆல் அவுட் ஆகாம நின்னு காட்டுங்க. அடுத்த வருஷமும் டீம் இருக்கும். இல்லேன்னா கலைச்சுடுவேன்."

வெளியே வந்ததும் மேஸ்திரி சொன்னாள்: "யாரும் ரன் எடுக்க வேணாம். மரம் மாதிரி நில்லுங்க."

"மரத்தையும் வெட்டுவாங்களேக்கா" என்றாள் குருவி. அணியிலேயே சின்னவள். கடைசியாக மட்டை பிடிப்பவள்.

3

செவ்வாய்க்கிழமை முதல் வரைவை மேஸ்திரிக்கு அனுப்பினேன். அதில் கடைசி ஓவர் வரை எங்கள் அணி தாக்குப்பிடிக்கிறது. ஒன்பது விக்கெட் போய்விட்டது. மட்டையோடு குருவி, எதிர்முனையில் மேஸ்திரி. கடைசிப் பந்தில் குருவியின் ஸ்டம்ப் சாய்கிறது. அணி கலைகிறது. பள்ளி முடியும்வரை எல்லோரும் குருவியை 'கடைசிப் பந்து' என்றே கூப்பிடுகிறார்கள்.

அன்று மாலையே மேஸ்திரி அழைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல நீ எங்கே?"

"நான் அதுக்கு முன்னாடியே அவுட்."

"அவுட் ஆனப்புறம்?"

வரைவின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

"உன் கதையில அம்பயரே இல்லாம மேட்ச் நடக்குது" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

4

ஆகவே அம்பயரைக் கொண்டுவருகிறேன்.

எங்கள் பள்ளி ஆட்டங்களில், மட்டை பிடிக்கும் அணியிலிருந்தே அம்பயரும் போக வேண்டும். நான் ரன் எடுக்காமல் திரும்பியவள். "நீதான் கணக்குல புலியாச்சே, போய் நில்லு" என்று என் தலையில் தொப்பியை வைத்தவள் மேஸ்திரி.

வலது பையில் ஆறு கற்கள். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கல்லை இடது பைக்கு மாற்றுவேன். கடைசி ஓவர் வரை ஒன்றுகூடப் பிசகவில்லை.

கடைசி ஓவரின் மூன்றாவது பந்து குருவியின் விரலில் பட்டது. ஓடினேன். வீங்கியிருந்தது. "வலிக்குதா?" என்றேன். "விரல் என்னுதுதானே, விடுக்கா" என்றாள். திரும்பி வந்து நின்றேன். நான் அப்போது (இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கி நிறுத்தியிருக்கிறேன்) கல்லை மாற்றவில்லை.

இன்னும் மூன்று பந்துகளைத் தடுத்தாள். பக்கத்தில் நின்ற மேஸ்திரி கேட்டாள்: "எத்தனை பாக்கி?"

பையைத் தொட்டுப் பார்த்தேன். "ஒண்ணு."

ஸ்கோர் எழுதியவள்கூடப் பென்சிலைக் கடித்தபடி குருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த 'ஒண்ணு'தான் ஸ்டம்பைச் சாய்த்தது.

5

குழாயடியில் கை கழுவும்போது அந்த ஓவரை மனதுக்குள் மறுபடி ஓட்டினேன். வெளியே போனது, காலில் பட்டது, விரலில் பட்டது, தடுத்தது மூன்று, சாய்த்தது ஒன்று. ஏழு.*

தலைமையாசிரியையின் அறை இருபது அடியில் இருந்தது. கதவும் திறந்திருந்தது. நான் ஈரக் கையோடு வீட்டுக்குப் போனேன்.

மாற்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பந்து ஸ்டம்பை உரசாமல் போகிறது. பொய். இன்னொன்றில் குருவி சிக்ஸர் அடிக்கிறாள். அவளே சிரிப்பாள். மூன்றாவதில், ஆறாவது பந்து முடிந்ததும் அம்பயர் வாய் திறந்து 'ஓவர்' என்கிறாள். அதைத்தான் என்னால் படிக்க முடியவில்லை. அது மட்டும் நடந்திருக்கக்கூடியது.

* அம்பயர் தப்பாக எண்ணியிருந்தாலும் விழுந்த விக்கெட் விழுந்ததுதான். விதி அப்படி. நான் இத்தனை ஆண்டுகள் இந்த விதிக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தேன்.

6

வாசகரே, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இனி எழுதுவது ஒருத்திக்கு.

குருவி, நீ கோட்டை விடவில்லை. வீங்கிய விரலோடு இருபதாவது ஓவரை நின்று முடித்தாய். நீ அவுட்டான பந்து, வந்திருக்கவே கூடாதது. அதை வரவழைத்தது நான். உன்னை அந்தப் பெயரால் கூப்பிட்டபோதெல்லாம் பக்கத்தில் இருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான்.

மன்னிப்பாயா என்று கேட்கவில்லை. அது தனிக் கணக்கு. அதை நீ எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள். இன்று வியாழன். இந்தத் தாள்களை அஞ்சலில் போடப் போவதில்லை. நானே எடுத்துவந்து, நீ படித்து முடிக்கும்வரை உன் எதிரில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் அந்த ஃபாரம் இருக்கும், உன் மகளும் இருப்பாள். கையெழுத்து உன்னுடையது. அதை என்னால் எழுதிக்காட்ட முடியாது.

கீழே அடுத்த பகுதிக்கு '7' என்று எண் போட்டு வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அன்று சொல்லாததை இன்று, சரியாக எண்ணி, சொல்கிறேன்.

ஓவர்.