ஜெயபாரதியும் நாற்பத்தொரு கிணறுகளும்

நிலத்தடி நீர் பற்றிய ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்த ஐந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மூன்று, பிப்ரவரி முடிவதற்குள்ளேயே கையை விரித்துவிட்டன. நான்காவது வாயே திறக்கவில்லை. ஐந்தாவதுதான் ஜெயபாரதி உயிரை வைத்திருந்த இடம். அது அவளைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருப்பதாகவும், இடம் கிடைத்தவர்களில் யாராவது வரவில்லையென்றால் ஏப்ரல் நடுவில் தெரிவிப்பதாகவும் எழுதியிருந்தது.

இல்லை என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் அழுது தீர்த்திருப்பாள். இது அப்படியும் இல்லாமல் இப்படியும் இல்லாமல் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. தி.நகரில் அப்பா நல்லசிவத்தின் ஜவுளிக்கடையில், மூன்றாம் மாடி சுடிதார் பிரிவை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். துணியை விரித்துக் காட்டும்போதே கை போனுக்குப் போகும். தன்னைப் போல் காத்திருப்பவர்கள் எழுதும் இணையப் பக்கங்களைப் படித்துப் படித்து, மதியச் சாப்பாட்டையே மறந்துவிடுவாள். பாதி வியாபாரத்தில் வாடிக்கையாளரை விட்டுவிட்டுப் போனைப் பார்க்கப் போன அன்றைக்குத்தான் ஜுவேரியாவிடம் சொன்னாள்.

ஜுவேரியா முதுகலையில் உடன் படித்தவள். மயிலாப்பூரில் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறாள். ஜெயபாரதியின் போனை வாங்கி, மெயிலின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இனி நானே பார்க்கிறேன், ஏதாவது வந்தால் நேரில் வந்து சொல்கிறேன் என்றாள்.

பார்க்க மெயில் இல்லாத காலை ஆறு மணியை என்ன செய்வது என்று ஜெயபாரதிக்குத் தெரியவில்லை. கல்லூரிக் காலத்து அளவு நாடாவை எடுத்து அதன் நுனியில் ஒரு ஈயக் குண்டைக் கட்டி, உப்பு அளக்கும் மீட்டரும் ஒரு நோட்டுமாக, குடியிருந்த அபிராமபுரத்துத் தெருக்களில் இறங்கினாள். வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது. தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, எவ்வளவு உப்பு என்று அளந்து எழுதிக்கொண்டாள். எதற்கு என்று கேட்டவர்களிடம் நோட்டைத் திறந்து காட்டினாள். இரண்டு வாரத்தில் நாற்பத்தொரு கிணறுகள் சேர்ந்தன.

அடுத்த தெருவின் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராமானுஜம் முதலில் கேட்டையே திறக்கவில்லை. அவளுடைய ஆதார் அட்டையை இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார். அப்புறம் வாரா வாரம் அவரே கிணற்றடியில் காத்திருந்தார்.

மார்ச் கடைசியில் ஒரு சாயங்காலம் அவளுக்குப் பொறுமை அறுந்துபோனது. நேராக ஜுவேரியா வீட்டுக்குப் போனாள். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும்படி எழுதப்போவதாகச் சொன்னாள்.

"கிடைக்காமப் போனாலும் பரவால்ல ஜுவே. இந்தக் காத்துக்கிட்டு இருக்கறது முடிஞ்சாப் போதும். பாஸ்வேர்டக் குடு."

ஜுவேரியா அவளை உட்காரவைத்தாள். "குடுக்கறேன். உன் மெயில்தானே. நாளைக்குக் காலைல வா, குடுக்கறேன்."

மறுநாள் காலை நேராக ஜுவேரியா வீட்டுக்குப் போவதாகத்தான் இருந்தாள். வழியில் ராமானுஜம் கைகாட்டி நிறுத்தினார்.

"நம்மாத்துக் கிணறு ஏறிண்டே போறதும்மா. எனக்குக் கண்ணு சரியில்லையோன்னு நெனச்சேன். நீயே வந்து பாரேன்."

நாடாவை இறக்கினாள். போன வாரம் பதினெட்டு அடியில் நின்ற தண்ணீர் பதினாறில் நின்றது. மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது. மற்ற கிணறுகளெல்லாம் இறங்கிக்கொண்டிருந்தன. உப்பு அளக்கும் மீட்டரை விட்டாள். ஆயிரத்து நானூறு காட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நானூறு காட்டியது. நல்ல தண்ணீர் எங்கிருந்தோ வந்து சேர்கிறது.

எதிர் வீட்டுக்கு ஓடினாள். அங்கே ஒரு அடி ஏறியிருந்தது. அதற்கடுத்த வீட்டில் அரை அடி. தெருமுனையில் ஒன்றுமில்லை. தெருக்கோடி வீடுகளில் ஒரு வாரமாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ராமானுஜம் சொன்னதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரோட்டில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, இதற்குக் கீழேதான் குழாய் உடைந்திருக்கிறது என்றாள்.

இருவரும் நீர் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த பொறியாளர் அவளுடைய நோட்டை முதலில் அலட்சியமாகப் புரட்டினார். பிறகு மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்தார். மதியத்துக்குள் ஆட்கள் வந்து தோண்டினார்கள். வட்டத்திலிருந்து மூன்றடி தள்ளி, விட்டுப்போன குழாய் இணைப்பிலிருந்து குடிதண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

தெருவே கூடி நின்று பார்த்தது. யாரோ அவள் கையில் காபியைத் திணித்தார்கள். பாதி குடித்த பிறகுதான் ஜுவேரியாவின் நினைவு வந்தது. மணி இரண்டரை. கிணற்றில் நாடாவை இறக்கியதிலிருந்து அந்தப் பல்கலைக்கழகம் அவள் நினைப்பிலேயே வரவில்லை. உடம்பெல்லாம் மண்ணாக, அகோரப் பசியோடு நின்று அவள் சிரித்தாள்.

அன்று மாலை ஜுவேரியா பாஸ்வேர்டைச் சொன்னாள். ஜெயபாரதி எழுதியது வேறு கடிதம். நாற்பத்தொரு கிணறுகளின் கணக்கையும், குழாய் உடைந்த கதையையும் படத்தோடு, அந்தப் பல்கலைக்கழகத்தில் தான் யாரிடம் சேர விரும்பினாளோ அந்தப் பேராசிரியருக்கு அனுப்பினாள். அனுப்பியதும் பாஸ்வேர்டை மறுபடியும் மாற்றச் சொல்லிப் போனை நீட்டினாள். நான்கு நாளில் பேராசிரியர் காணொளியில் கூப்பிட்டார். முக்கால் மணி நேரம் கிணறுகளைப் பற்றித்தான் கேட்டார். ஒரு கேள்விக்கு மட்டும் தெரியாது என்றாள். அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

சித்திரைப் பிறப்புக்கு முந்தைய சனிக்கிழமை. கடையில் நிற்க இடமில்லை. கல்யாணப் பெண் ஒருத்திக்குப் பதினோராவது சுடிதாரை விரித்துக்கொண்டிருந்தபோது, தள்ளுபடி அறிவிக்கும் ஒலிபெருக்கி கரகரத்தது. பேசியது நல்லசிவம். கடை திறந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒருநாளும் மைக்கைத் தொட்டதில்லை.

"மூணாம் மாடி ஜெயபாரதி. எம்மா, ஜுவேரியாப் பிள்ள கீழ வந்து நிக்கா. கூட்டத்துல மேல ஏற முடியலங்கா. ஒனக்கு எடம் கெடச்சிட்டாம்." ஒரு நொடி மூச்சு வாங்கும் சத்தம். "எம்மவளுக்கு எடம் கெடச்சிட்டுங்க. அமெரிக்காவுல. தண்ணியப் பத்திப் படிக்கப் போறா."

மாடிக்கு மாடி கைதட்டல் எழுந்தது. கல்யாணப் பெண் சுடிதாரைத் தானே மடித்து வைத்து, "போங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

ஜெயபாரதி படிக்கட்டில் இறங்கினாள். முன்பின் தெரியாதவர்கள் பைகளை ஒதுக்கி வழிவிட்டார்கள். கீழே கல்லாவுக்குப் பக்கத்தில், போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி ஜுவேரியா நின்றிருந்தாள். அப்பா இன்னும் மைக்கைக் கீழே வைக்கவில்லை.