முறை தப்பிய தண்ணீர்

ஹன்னா பொங்கலுக்கு வருகிறாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து நல்லகாமனுக்குச் சோறு இறங்கவில்லை. கொட்டாம்பட்டிப் பக்கம் கால்வாய் ஷட்டரை ஏற்றி இறக்குவது அவர் வேலை.

ஹன்னா ஆஸ்திரியாக்காரி, அருள்பாண்டியைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு மருமகளானவள். சீறி ஓடும் தண்ணீரில், மேலே தொங்கும் கம்புகளுக்கு நடுவே துடுப்புப் படகை வளைத்து ஓட்டும் பந்தயத்துக்கு நாட்டின் சார்பாகப் போனவள். கம்பில் லேசாக உரசினாலே இரண்டு விநாடி கூட்டிவிடுவார்களாம். மார்கழியில் அவள் ஊரில் குளிர் ஆளைக் கொல்லும். அதனால் இங்கே வந்து, ஷட்டருக்குக் கீழே கால்வாய் படிபடியாக இறங்கி நுரைக்கும் இடத்தில் மூங்கில்களைத் தொங்கவிட்டுப் பழகுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில், "அண்ணே, நாப்பது நிமிசம் தண்ணி குறையாமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினாள். மாமியாரிடம் கற்ற தமிழ். மனுஷனும் பெரிதாகத் தலையாட்டினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, மச்சான் சுடலை போன் போட்டான்.

"மாப்ள, நாத்து காயுது. பத்து நிமிசம் நம்ம வாய்க்காலுக்குத் திருப்பி விடு. எவனுக்குத் தெரியப் போவுது."

சுடலையின் வாய்க்காலுக்கு முறை மூன்று நாள் கழித்துத்தான். முறை தப்பித் தண்ணீர் விட்டது தெரிந்தால் ஊரே கூடிக் கிழித்துவிடும். ஆனாலும் பெண்டாட்டியின் அண்ணனாயிற்றே! பெரிய ஷட்டரை ஒரு சாண் இறக்கி, பக்கத்து வாய்க்காலைத் திறந்துவிட்டார். கீழே தண்ணீர் வடிந்து கல் வெளியே தெரிந்தது. படகு அதில் மோதிக் கவிழ்ந்து, ஹன்னாவின் தோள்மூட்டு நழுவிவிட்டது. அலறல் கேட்டதும் ஓடியிருக்க வேண்டாமா? பாவி மனுஷன், ஷட்டரைப் பழையபடி ஏற்றிவிட்டுத்தான் ஓடினார்.

"ஆழம் தெரியாம நான்தான் தண்ணிய தப்பாப் பாத்துட்டேன்" என்று ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் அவள் சொன்னாள். இவர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு இப்போதுதான் ஊருக்கு வந்திருக்கும் அவளே சாக்லேட் பொட்டலத்தோடு ஷட்டருக்கு வந்து நின்றாள். "எப்படிண்ணே இருக்கீங்க?"

வாங்கக் கை நீளவில்லை. "தாயி, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மச்சான் பேரைக்கூட மறைக்கவில்லை. வேலை போனாலும் சரி, காறித் துப்பினாலும் சரி என்று தலைகுனிந்து நின்றார்.

அவள் கால்வாய்ப் பக்கம் திரும்பினாள். "அப்ப நான் தண்ணிய சரியாத்தான் பாத்தேனா?"

"சரியாத்தான் பாத்த தாயி. தப்பு என் மேலதான்."

ஹன்னா சிரித்தாள். அப்பாடா, மன்னித்துவிட்டாள் என்று அவர் மூச்சு விட்டார்.

"தோளு ஆறு மாசத்துல சரியாப் போச்சுண்ணே. டாக்டரே போட்டிக்குப் போகலாம்னாரு. தண்ணி பாக்கத் தெரியாதவளுக்கு எதுக்குப் போட்டின்னு நான்தான் விட்டுட்டேன். என் இடத்துக்கு வேற பொண்ணு வந்துருச்சு. எனக்கும் முப்பத்தஞ்சு ஆச்சு. ஆஸ்பத்திரிலயே சொல்லியிருந்தீங்கன்னா விட்டிருக்கவே மாட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கரையோடு நடந்து போனாள். ஷட்டரை இறக்கிய அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் இத்தனை நாளும் நல்லகாமன் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்த இரண்டு வருஷத்தை அவர் ஒருநாளும் தப்பாகவே நினைத்ததில்லை.