விலை கேட்டால் ஓடும் கார்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகிப்போகட்டும்.

தையல்காரர் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய பழைய கார், மூன்று மாதமாக வாசலை அடைத்துக்கொண்டு அசையாமல் நின்றது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ரிப்பேர் பண்ணுங்க, இல்ல வித்துத் தொலைங்க. ரெண்டும் இல்லேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்று மனைவி கெடு வைத்துவிட்டாள். அவள் போனால் கடையில் பட்டனுக்குக் காஜா எடுக்க ஆளில்லை.

ஞாயிறு காலை மனைவியின் தம்பி வந்தான்.

"என்ன விலை சொல்றீங்க, மாமா?"

அவன் கேட்டு வாய் மூடவில்லை, கார் உறுமிக்கொண்டு எழுந்தது. அவர்கள் ஏறியதும் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு பஸ்ஸை முந்தி, திருப்பத்தில் தானே ஹாரன் அடித்து, வாசலில் வந்து நின்றது.

"இப்படி ஓடுற வண்டிய எவனாவது விப்பானா? நீ கெளம்பு மாப்ளே!" என்றார் தையல்காரர்.

மைத்துனன் முனை திரும்பியதும் கார் இருமிப் படுத்துவிட்டது. அவனைத் திரும்பக் கூப்பிட்டு விலை கேட்கச் சொன்னார். மறுபடியும் குதிரை மாதிரிப் பாய்ந்தது.

"அதுக்கு நம்மள விட்டுப் போக மனசில்லைங்க" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டேய் தம்பி, தெனமும் எட்டரைக்கு வந்து விலை கேட்டுட்டுப் போடா."

அன்றிலிருந்து தையல்காரர் கடைக்குக் காரில்தான் போகிறார். விற்கவும் இல்லை, ரிப்பேரும் இல்லை, மனைவியும் போகவில்லை.

கார் வாங்கிய முதல் வாரமே, கோளாறு பார்க்கிறேனென்று மெக்கானிக் கழற்றிக்கொண்டுபோன இன்ஜின் இன்றும் அவர் பட்டறையில்தான் கிடக்கிறது.