சத்தம் போடாத கேமரா

கம்பைநல்லூர் கடைவீதியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மாதவராஜ், பதினான்கு வருஷமாக ஒரே கேமராவை வைத்துத்தான் சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல கனம். பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் கண்ணாடி எழும்பி இறங்கி, 'டடக்' என்று பந்தி நடக்கும் இடம்வரைக்கும் கேட்கும். போன வருஷம் அரூரில் ஒரு முகூர்த்தத்தில், தாலியின் இரண்டாவது முடிச்சுக்கும் மூன்றாவது முடிச்சுக்கும் நடுவில் அந்தக் கண்ணாடி எழும்பியது. இறங்கவில்லை. மூன்றாவது முடிச்சை அவர் செல்போனில் எடுத்தார்.

அதற்குப் பிறகுதான் மிரர்லெஸ் கேமரா வாங்கினார்கள்.

"இதுல கண்ணாடியே இல்லீங்களாம். இனிமே எது மாட்டிக்கும்?" என்றாள் அவர் மனைவி சோபனா. வீடியோ எடுப்பதும் ஆல்பம் போடுவதும் அவள் வேலை. மாதவராஜ் கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தார். சோப்பு டப்பா அளவுக்குத்தான் இருந்தது. கல்யாண வீட்டுக்காரர் முன்னால் இதை எடுத்து நீட்ட எப்படி மனசு வரும் என்று கவலைப்பட்டார்.

லென்ஸிலும் சிக்கல் இருந்தது. பழைய லென்ஸைத் திருகினால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். புதிதாக வந்த இரண்டும் திருகினால் எங்கேயும் போகாத வகை. முப்பத்தைந்து எம்.எம். லென்ஸைப் போட்டால் ஆளுக்குக் கிட்டே போகவேண்டும். எண்பத்தைந்தைப் போட்டால் பின்னால் போய்க்கொண்டே இருக்கவேண்டும்.

"ஜூம் எங்க இருக்குது?" என்று தேடினார்.

"உங்க கால்லதான் இருக்குது. நடங்க" என்றாள் சோபனா.

மூன்று நாள் பழகினார். முதல் நாள் சோபனா முன்னால் உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் மறுத்துவிட்டாள். அதனால் பக்கத்து வீட்டு நாயை வைத்துப் பழகினார். கேமராவுக்குள், கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி ஒன்று இருந்தது. மனிதனா, விலங்கா என்று கேட்டது. விலங்கு என்று வைத்தார். ஒரு பச்சைக் கட்டம் ஓடிப்போய் நாயின் கண்ணில் உட்கார்ந்துகொண்டது. நாய் எழுந்தாலும் படுத்தாலும், தெருமுனைவரை ஓடினாலும் கட்டம் விடவில்லை. இப்படி ஓர் அதிசயத்தை மாதவராஜ் தன் தொழிலில் கண்டதில்லை. அந்த நாயை நானூறு படம் எடுத்தார். சந்தோஷத்தில் கேமராவைத் திரும்ப மனிதனுக்கு மாற்ற மறந்துபோனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரியூருக்குப் பக்கத்தில், காட்டோரம் இருந்த ஒரு முனியப்பன் கோயிலில் காதுகுத்து. குழந்தை தன்யஸ்ரீக்கு ஒன்றரை வயது. அம்மா ராதிகா. ராதிகாவின் அண்ணன் நஞ்சப்பன்தான் தாய்மாமன். அவர் மடியில் வைத்துத்தான் காது குத்தவேண்டும், சாமிக்குக் கிடாவும் அவர்தான் கொடுக்கவேண்டும். நெற்றியில் வெள்ளைப் புள்ளி வைத்த ஒரு கறுப்புக் கிடாவைக் கொண்டுவந்து வேப்பமரத்தில் கட்டியிருந்தார். குழந்தையின் பெரியப்பா கருப்பண்ணன், அப்பா வீட்டுப் பக்கத்துக்குத் தலைவர் மாதிரி. இரண்டு வீட்டாரும் சிரித்துப் பேசிக்கொண்டார்கள். ஆனால் யாருக்கு எவ்வளவு மரியாதை நடக்கிறது என்பதை இரண்டு பக்கமும் கவனித்துக்கொண்டே இருந்தது.

முதலில் மாமன் வீட்டுக் குடும்பப் படம். பதினோரு பேர் வரிசையாக நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மாதவராஜ் எண்பத்தைந்தைப் போட்டுப் பின்னால் நடந்தார். எல்லாரும் படத்துக்குள் வருவதற்கு அவர் வேப்பமரத்தைத் தாண்டி, கிடாவையும் தாண்டிப் போகவேண்டியிருந்தது. பட்டனை ஆறேழு தடவை அழுத்தினார்.

"ஆச்சுங்க" என்றார்.

யாரும் அசையவில்லை.

"எடுத்துட்டேங்க. போலாங்க."

"எங்கீங்க எடுத்தீங்க? சத்தமே வர்லியே?" என்றார் நஞ்சப்பன், உதடு பிரியாமல்.

"இது புது கேமராங்க. சத்தம் வராது."

நஞ்சப்பன் மூச்சை விட்டார். கேமராவைக் கிட்டே வந்து பார்த்தார். "போன வருசம் எங்க பங்காளி வூட்டுக் காதுகுத்துல மாமன் வூட்டுக்கு மட்டும் இருவத்திரண்டு சத்தம் கேட்டுச்சுங்க. நான் நின்னு எண்ணுனேன். எங்களுக்கு ஒண்ணுகூடக் கெடையாதா?"

அந்தப் பக்கத்திலிருந்து கருப்பண்ணன் குரல் கொடுத்தார். "அவங்களுக்கு எடுக்கறாப்பல நின்னுட்டு எடுக்காம வுட்டாச்சுன்னா, எங்களுக்கு மட்டும் எடுப்பீங்களாக்கும்?"

பேச்சு கனத்தது. கேமராவில் பொய்ச் சத்தம் வைக்கும் வசதி எங்கேயோ உண்டு என்று மாதவராஜுக்கு ஞாபகம். படிக்கும் கண்ணாடியை ஸ்டூடியோவிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. எதையோ அழுத்தினார், எதையோ திருகினார், இன்னொன்றை அழுத்தினார். சத்தம் வரவில்லை. அதற்குப் பதிலாகத் திரையில் இருந்த எழுத்தெல்லாம் மாறிவிட்டது.

சோபனாவிடம் காட்டினார். அவள் நிழலில் வைத்துப் பார்த்தாள்.

"இது ஜப்பான் எழுத்துங்க."

"கன்னடமா இருக்கப்போவுது, நல்லாப் பாரு."

"கன்னடம் எனக்குத் தெரியாதா? எங்க அம்மா ஓசூருங்க. இது ஜப்பான்."

ஜப்பான் மொழியில் 'சத்தம்' என்பதை எப்படி எழுதுவார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பூசாரியைக்கூடக் கேட்டார்கள். கடைசியில் சோபனாதான் ஒரு முடிவுக்கு வந்தாள். நேராக மைக்செட்டுக்குப் போய் மைக்கைக் கையில் வாங்கினாள்.

"நான் சொல்றப்ப அழுத்துங்க" என்று புருஷனுக்குச் சைகை காட்டிவிட்டு, மைக்கில் நாக்கை மடித்து "டடக்!" என்றாள்.

சத்தம் காட்டுக்குள் போய்த் திரும்பி வந்தது. நஞ்சப்பன் முகம் மலர்ந்தது. "இது சத்தம்!" என்றார்.

அதற்குப் பிறகு வேலை சுறுசுறுப்பாக நடந்தது. சோபனா டடக் என்றால் மாதவராஜ் அழுத்துவார். அவர் தாமதித்தால் எல்லாரும் கலைந்துவிடுவார்கள், அதனால் அவளுக்குப் பயந்து பயந்து அழுத்தினார். ஒருமுறை சோபனாவுக்கு இருமல் வந்தது. அதையும் தங்கள் கணக்கில் சேர்க்கவேண்டும் என்றார் கருப்பண்ணன். சேர்த்தார்கள். குழந்தைக்கு மொட்டை அடித்தபோது எட்டு டடக். மாமன் மடியில் வைத்து, நகை செய்யும் பத்தர் காது குத்தியபோது இடது காதுக்கு ஆறு, வலது காதுக்கு ஆறு. குழந்தை போட்ட சத்தத்தில் கடைசி இரண்டு கேட்கவில்லை என்பதால் சோபனா இன்னும் இரண்டு சொன்னாள். மாதவராஜ் மரத்தடிக்கும் கோயிலுக்கும் முன்னும் பின்னுமாக நடந்தார். கிடா அவருடைய பையின் வாரைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது. பச்சைக் கட்டம் ஒவ்வொரு படத்திலும் கெட்டியாக எதையோ பிடித்துக்கொண்டது மட்டும் அவருக்கு மங்கலாகத் தெரிந்தது. புதுக் கேமரா புதுக் கேமராதான் என்று நினைத்துக்கொண்டார்.

பூஜைக்கு முன்னால் கொஞ்சம் நேரம் கிடைத்தது. "யாருக்கு எத்தனன்னு பாத்துரலாங்களே" என்றார் நஞ்சப்பன். சோபனா லேப்டாப்பை ஒரு பிளாஸ்டிக் சேர்மேல் வைத்தாள். வெயில் படாமல் நாலு பேர் துண்டைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் படம் திறந்தது.

பின்னால் பதினோரு பேர் பாலாடை மாதிரி வெளுத்து நின்றார்கள். யார் எவர் என்று சொல்லமுடியாது. முன்னால், ஓரத்தில், கிடா. அதன் கண் இமையில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணுக்குள் வேப்பமரத்தின் நிழல்கூடத் தெரிந்தது.

அடுத்த படம். கிடா. அடுத்தது. கிடா, வாயில் பை வார். காது குத்தும் படத்தில் பத்தர் ஒரு மஞ்சள் மேகமாகவும் குழந்தை ஒரு சிவப்பு மேகமாகவும் இருக்க, கிடா மட்டும் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தது. கிடா இல்லாத படங்களில் கோயிலின் மண் குதிரை முறைத்தது.

மாதவராஜுக்கு அப்போதுதான் பக்கத்து வீட்டு நாய் ஞாபகத்துக்கு வந்தது. "விலங்குல வெச்சுட்டு மாத்தாம வந்துட்டேன்" என்று சோபனாவின் காதில் முணுமுணுத்தார். சோபனா அவரைப் பார்த்த பார்வையில் டடக் இல்லை.

ஆனால் அங்கே யாரும் திட்டவில்லை. நூற்று எண்பது படத்தை அமைதியாகப் பார்த்து முடித்தார்கள். ராதிகாதான் முதலில் பேசினாள்.

"அண்ணா, அது நம்ம மொகத்தையே பாக்குதுண்ணா."

"ஆமாம்மா" என்றார் நஞ்சப்பன்.

"அத எப்பிடிண்ணா திங்கறது?"

"ஆடுன்னா பாக்கத்தான் செய்யும்!" என்றார் கருப்பண்ணன். "தண்ணி தெளிங்க, துலுக்கட்டும், ஆவட்டும். பந்தி நேரமாச்சு."

கிடாவின் மேல் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அவிழ்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பூசாரி ஒரு சொம்புத் தண்ணீரை முதுகில் விட்டார். இதையாவது ஒழுங்காக எடுப்போம் என்று மாதவராஜ் எதிரில் மண்டியிட்டுக் கேமராவைத் தூக்கினார். காலையிலிருந்து அந்தக் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்த கிடா, கழுத்தை நிமிர்த்தி, லென்ஸைப் பார்த்து அசையாமல் நின்றது. பதினோரு பேரையும்விட நன்றாக நின்றது.

இரண்டாவது சொம்பு. கிடா இமைக்கவில்லை.

மூன்றாவது சொம்பைக் கருப்பண்ணனே வாங்கி ஊற்றினார். தண்ணீர் கிடாவின் தாடியில் சொட்டியது. அது முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பிக் காட்டியது, அவ்வளவுதான்.

பூசாரி சொம்பை அவரிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "சாமி வேண்டாங்குதுங்க. படத்துலயும் காட்டிருச்சு, இங்கயும் காட்டிருச்சு. இன்னம் என்ன?"

கருப்பண்ணனே கிடாவைத் திரும்ப மரத்தில் கட்டச் சொன்னார். சாமிக்கு எலுமிச்சம்பழமும் பொங்கலும் போதும் என்று ஆனது. நஞ்சப்பன் வண்டியை எடுத்துக்கொண்டு ஏரியூர் போய், இரண்டு பை நிறையக் கோழிக்கறி வாங்கி வந்தார். மசாலா அரைத்து வைத்திருந்த சமையல்காரர் மட்டும் ரொம்ப நேரம் புலம்பினார்.

கோழி கொதிக்கும் நேரத்தில் சோபனா செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடினாள். கோயிலுக்குப் பின்னால் ஒரு பாறைமேல் ஏறியதும் இரண்டு கோடு வந்தது. புருஷனையும் மேலே கூப்பிட்டாள். போனை ஜப்பான் எழுத்தின் மேல் காட்டினால், தமிழில் மாற்றிச் சொல்லும்.

"மேகத்தை அணிக" என்று படித்தாள்.

"அது இல்ல."

"முகத்தின் விருந்தினர்."

"அதுவும் இல்ல. கீழ போ."

"மொழி!" என்றாள் சோபனா. இரண்டு பேரும் பாறைமேலேயே குதித்தார்கள். மொழி திரும்பியது, மனிதன் திரும்பினான், சத்தமும் கிடைத்தது. மெலிசாக 'டிக்' என்று வந்தது. சோபனா அதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

பந்தி முடிந்ததும் மாதவராஜ் இரண்டு வீட்டார் முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தப்பு என்மேலதாங்க. எல்லாத்தையும் மறுபடி எடுத்துக் குடுத்துடறேங்க. கொஞ்சம் எனக்காவ நில்லுங்க."

நிற்பதற்கு இரண்டு வீட்டாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை. காலையில் எண்ணிய கணக்கும் தொலைந்துபோய்விட்டது, புதிதாக ஆரம்பிக்கலாம். குழந்தைதான் சிக்கல். அழுது களைத்து, சோறு ஊட்டியதும் தூங்கிவிட்டது. எழுப்பினால் கோயில் தாங்காது என்றாள் ராதிகா. அதனால் தூங்கும் குழந்தையை அப்படியே நஞ்சப்பன் மடியில் வைத்தார்கள். சாப்பிட்டுச் சாய்ந்திருந்த பத்தரை எழுப்பிக் கூட்டிவந்து, ஏற்கனவே குத்திய காதுக்குப் பக்கத்தில் ஊசியைச் சும்மா பிடிக்கச் சொன்னார்கள். மாதவராஜ் முப்பத்தைந்தைப் போட்டுக் கிட்டே போனார். பச்சைக் கட்டம் ஒரு தடவை தடுமாறி, குழந்தையின் மூடிய கண்ணில் மெதுவாக உட்கார்ந்தது.

"இப்பதாங்க வந்துச்சு" என்றார்.

மூன்று வாரத்தில் ஆல்பம் போனது. பெரிய பக்கத்தில் தங்க ஊசி, மாமனின் மீசை, நடுவில் மொட்டைத் தலையோடு நிம்மதியாகத் தூங்கும் தன்யஸ்ரீ. வாயோரம் லேசான சிரிப்புக்கூட இருந்தது. ஏரியூரில் அந்தப் படத்தைப் பார்க்காதவர் பாக்கியில்லை. காது குத்தும்போது கூசாமல் தூங்கிய பிள்ளை என்று பேச்சு பெண்ணாகரம்வரை போனது. நஞ்சப்பன் எல்லாரிடமும் அது தன் மடியின் ராசி என்றார். கருப்பண்ணன் அது தங்கள் வம்சத்து நெஞ்சுரம் என்றார்.

ஒரு வியாழக்கிழமை ஸ்டூடியோவுக்குப் போன் வந்தது. பெண் குரல்.

"ஏங்க, வலிக்காம காது குத்தறது நீங்கதானுங்களா?"

மாதவராஜ் போனைக் கையால் பொத்திக்கொண்டு சோபனாவைப் பார்த்தார். சோபனா ஆல்பம் ஒட்டிக்கொண்டே, "புள்ள எத்தன மணிக்குத் தூங்கும்னு கேளுங்க" என்றாள்.