கனகசபாபதியின் உட்காரும் அளவு

வேல்விழிக்கு இழைக்கப்பட்ட அநீதி இதுதான்: அந்த ஊரில் ஓடுகிற கார்கள் எல்லாம் கனகசபாபதி என்ற ஒரே ஆளின் உடம்புக்குப் பொருந்தும்படி இருந்தன. அவர் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. அவள் ஐந்தடிகூட இல்லை.

கனகசபாபதி கார் ஷோரூமின் பின்பக்கம், கண்ணாடி அறையில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதுதான் அவர் உத்தியோகம். அவர் காலை நீட்டினால் ஊரிலுள்ள பெடல்கள் எல்லாம் தள்ளிப் போகும். அவருக்குத் தொப்பை விழுந்த வருஷம் ஸ்டியரிங்குகள் எல்லாம் முன்னால் நகர்ந்து வழிவிட்டன. யாரும் இதைக் குறையாகச் சொன்னதில்லை. தோசைக்கல் வட்டமாக இருப்பதை யாராவது குறை சொல்வார்களா என்ன?

வேல்விழி மாட்டு வைத்தியம் படித்து முடித்திருந்தாள். மலையடிவாரத்துக் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை. பஸ் போகாத இடம். திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். ஆகவே கார்.

விற்பனையாளர் சகாயம் ஒரு சிவப்புக் காரின் கதவைத் திறந்துவிட்டார். உட்கார்ந்தாள். கால் பெடலுக்கு எட்டவில்லை. எட்டும்வரை நகர்ந்தால் மோவாய் ஸ்டியரிங்கில் இடித்தது. எங்காவது மோதினால் காற்றுப்பை நேரே முகத்தில்தான் வெடிக்கும். தோளில் கிடக்க வேண்டிய பெல்ட் கழுத்தை அறுத்தது. தலையணை ஒன்று இலவசம், பெண்களுக்கு இரண்டு என்றார் சகாயம். பிரேக் பிடிக்கும்போது தலையணையோடு சேர்ந்து தானும் வழுக்கிப் போனால் என்ன செய்வது என்று கேட்டாள். தலையணைக்கு ஒன்றும் ஆகாது, உறையைத் துவைத்துக்கொள்ளலாம் என்று அவர் உறுதியளித்தார்.

அவள் நேராகக் கண்ணாடி அறைக்குள் போனாள். "சார், காலைக் கொஞ்சம் மடக்குங்க."

அவர் மடக்கினார். சிவப்புக் காரின் பெடல்கள் இருக்கையை நோக்கி நகர்ந்து வந்தன. அதே கணம் தெருவில் ஹாரன்கள் அலறின. ஊர் முழுக்க முழங்கால்கள் இடித்துக்கொண்டிருந்தன. கனகசபாபதி மறுபடி காலை நீட்டிவிட்டார். "மரத்துப் போகுதும்மா. நான் சும்மா உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்."

பின்னாலேயே வந்த சகாயம் பழைய சம்பவம் ஒன்றைச் சொன்னார். ஒருநாள் கனகசபாபதி கை கழுவப் போனபோது, சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி மரகதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். அன்றைக்கு ஊரில் பாதிப் பேர் முதல்முறையாகக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்த்தார்கள். மீதிப் பாதி, வசதி போயிற்று என்று கொதித்தார்கள். கம்பெனிக்காரர்கள் மரகதத்தை எழுப்பிவிட்டு, அதோடு விட்டுவிட்டார்கள்.

"எந்தப் பாதி பேச்சு எடுபட்டுச்சுன்னு நான் கேக்கவே வேணாம்ல," என்றாள் வேல்விழி. ஒருத்தருக்கு வசதி, மற்றவர்களுக்குத் தலையணை. இதற்குப் பெயர் பாதுகாப்பா என்றும் கேட்டாள். சகாயம் அது கம்பெனி முடிவு என்றார். அவள் அவரை விட்டுவிட்டு நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"சார், எழுந்திரிங்க."

அப்படி அவரிடம் யாரும் சொன்னதில்லை. அதனால் மறுத்துப் பழக்கமில்லை. எழுந்தார். நாற்காலி காலியாக இருந்த அந்தச் சிறிது நேரம் ஊரில் எந்தக் காருக்கும் உள்பக்கம் என்று ஒன்று இருக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் சாலையில் நின்று காத்திருந்தார்கள்.

வேல்விழி உட்கார்ந்தாள்.

பில் போடும் ஃபாத்திமா அவள் உயரம்தான். சகாயம் அவளைக் கூப்பிட்டுச் சிவப்புக் காரில் உட்காரச் சொன்னார். பெல்ட் தோளில் படிந்து மார்பின் குறுக்கே இறங்கியது. பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். "எட்டுது," என்றாள். ஒரு சுற்றுப் போய்வருகிறேன் என்று கிளம்பியவள் திரும்பி வரவில்லை.

கனகசபாபதி செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இனி வேல்விழி எழுந்தால் ஃபாத்திமா நடுரோட்டில் நிற்க வேண்டியிருக்கும். எழுவதாக அவளுக்கு உத்தேசமில்லை. வேலையை விடுவதாகவும் இல்லை. மலையடிவார ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். பொறுப்பாளர் மலைச்சாமி எடுத்தார். தன்னால் வர முடியாத காரணத்தைச் சொன்னாள். குற்றம் தன்னுடையதல்ல, நாற்காலி ஒன்றே ஒன்றாக இருப்பதுதான் குற்றம், ஆகவே வேலையைப் பறிக்க யாருக்கும் நியாயமில்லை என்று வாதாடினாள். மலைச்சாமி குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு போனைத் துண்டிக்காமல் கீழே வைத்துவிட்டுத் தொழுவத்துப் பக்கம் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"நீங்க எழுந்திரிக்கவே வேணாம் டாக்டர். ஓட்டத் தெரிஞ்ச மாடுங்களை முதல்ல அனுப்பி வைக்கிறோம். கொம்பு கூரையில இடிக்காத மாதிரி கொஞ்சம் நிமிர்ந்து உக்காந்துக்குங்க."