பனிமூட்டம் என்று சொன்னார்கள்

ராத்தா மௌத்தாகிவிட்டாள் என்று சென்னை மண்ணடியிலிருந்து அவள் மகன் வஹாப் போன் செய்தபோது மராத்தி ஊரான பிம்ப்ரியில், சைனபுவின் வீட்டில் அப்போதுதான் விடிந்திருந்தது. "சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் சாச்சி. அதுக்குள்ள வந்து முகம் பாத்துருங்க" என்றான்.

உம்மா இல்லாத வீட்டில் சைனபுவுக்குத் தலைவாரி, சோறூட்டி வளர்த்த அக்காதான் ராத்தா. கணவர் பீர் முகமது ஹார்ட்வேர் கடையைத் திறக்காமல், கிடைத்த முதல் விமானத்துக்கு டிக்கெட் போட்டார்.

விமான நிலையத்தில் தாமதம் என்றார்கள். வடக்கே பனிமூட்டம், அங்கிருந்து விமானம் வந்ததும் கிளம்பலாம் என்று கவுண்டர் பெண் மைக்கில் இந்தியில் சொன்னாள். கண்ணாடிக்கு வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. டில்லிப் பனியைத் தினமும் டிவியில் பார்ப்பதால் சைனபு நம்பினாள்.

வேறொரு கம்பெனி விமானத்தில் இடமிருந்தது. பீர் முகமது கவுண்டருக்குப் போனார். "வீட்ல மௌத்தும்மா. உங்க விமானம் கிளம்புமா கிளம்பாதா, அத மட்டும் சொல்லு. வெளிய போய் அதுல டிக்கெட் வாங்கிக்கிறோம்" என்று இந்தியில் கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரந்தான் சார்."

உட்கார்ந்தார்கள். அந்த இன்னொரு விமானம் இவர்கள் கண்முன்னால் ஏறிப் போனது. பிறகுதான் அறிவித்தார்கள்: வானிலை காரணமாக இவர்களுடையது ரத்து.

"ராத்தா" என்று சைனபு வாய்விட்டு அழுதாள். கவுண்டர் பெண் தண்ணீரோடு வந்து பக்கத்தில் குனிந்தாள். சட்டையில் தீப்தி என்றிருந்தது.

"ஆன்ட்டி, நானும் தமிழ்தான். இங்கதான் ஔந்த்ல வீடு." தமிழ் அவளுக்குத் தட்டுத் தடுமாறி வந்தது. "ஃபாக் இல்ல ஆன்ட்டி. பைலட் இல்ல. காலைலயே தெரியும். ஃபாக்னு சொல்லச் சொன்னாங்க."

"அப்பவே எங்க காதுல போட்டிருக்கலாமேம்மா."

"வேலை போயிடும் ஆன்ட்டி."

சைனபு தண்ணீரைக் குடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

ராத்தாவின் முகத்தை வஹாப் போனில் காட்டித்தான் பார்த்தாள். உடலைச் சுற்றிய கஃபன் துணிக்கு நடுவே உள்ளங்கையளவு முகம். அதுவும் சிக்னல் போய்ப் போய் வந்தது.

மறுநாளே பீர் முகமது புகார் எழுத உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணு பேரப் போட்டாத்தான் அவங்களால மறுக்க முடியாது."

"வேண்டாம் மச்சான்."

"அவளுக்கு இரக்கப்பட்டா, நமக்குப் பண்ணினதுக்கு யாரு பொறுப்பு?"

சைனபு மறுபடி வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையிலேயே தெரியும் என்றாளே, அது நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. தாமதத்துக்கும் ரத்துக்கும் வானிலைதான் காரணம், கம்பெனி பொறுப்பல்ல. பயணிகளிடம் தவறான தகவல் சொன்ன ஊழியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். சுட்டிக்காட்டியதற்கு நன்றி.

பீர் முகமது போனைக் கவிழ்த்து வைத்தார். "காலையெல்லாம் பொய் சொன்னப்ப வச்சிருந்தானுவ. உண்மையச் சொன்னதுக்கு அனுப்பிட்டானுவ."

"அவ சொன்னது அவனுவளுக்கு எப்படித் தெரியும்? நாமதான் எழுதிக் கொடுத்தோம்" என்றாள் சைனபு.