ஆறு கிளிப்புகள்

“பதினைஞ்சு இருவது,” என்றாள் செல்வமலர்.

கைப்பேசியில் நின்றது பதினான்கு நிமிடம் நாற்பத்தொரு விநாடி. வாயில் வந்தது வேறு. சொல்லி முடித்த பிறகுதான் அது பொய் என்பது அவளுக்கே உறைத்தது.

யதுர்ஷா முழங்கால்களில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றாள். இமைமயிர் வெள்ளை பூத்திருந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த கம்பளித் துணி, மூச்சுப்பட்ட இடத்தில் உறைந்து தகடாகியிருந்தது. பனியில் ஒரு தரம் துப்பினாள்.

“தொண்டை இரும்பு நக்கின மாதிரிக் கிடக்கு. இன்னும் அம்பது செக்கன் குறைக்கோணும் அம்மா.”

“மைனஸ் பதினேழு, பிள்ளை. இதுக்குள்ளை மனுசர் ஓடுறதே?”

“அங்கை வடக்கிலை முப்பது. அப்ப என்ன செய்வியள், போர்வை அனுப்புவியளோ?”

அங்கே என்றால் நாட்டின் உச்சந்தலையில், உருசிய எல்லைக்குப் பக்கத்தில். யதுர்ஷா இராணுவ சேவைக்குக் கேட்டிருந்த பிரிவு அங்கேதான் இருக்கிறது. தெரிவு நாளில் மூவாயிரம் மீட்டரைப் பதினான்கரை நிமிடத்துக்குள் ஓடிக் காட்ட வேண்டும். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஒஸ்லோவின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில் அவர்களுடைய கட்டடத்துக்குக் கீழே, பந்து மைதானத்தைச் சுற்றிப் பனி வழித்துவிட்ட பாதை ஒன்று ஓடுகிறது. ஒரு சுற்று ஐந்நூறு மீட்டர். காலை எட்டு மணிக்கும் விளக்குக் கம்பங்கள்தான் வெளிச்சம். குளிருக்குக் கைப்பேசி ஐந்து நிமிடத்தில் செத்துப்போகிறது என்று, முதல் நாளே மகள் அதைத் தாயிடம் ஒப்படைத்துவிட்டாள். செல்வமலர் அதைச் சட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் செருகி, மேலே கம்பளி, அதற்கு மேலே கோட்டு என்று மூடிக் காப்பாற்றினாள். சுற்றை எண்ணுவதற்கு உடுப்புக் காயப்போடும் கிளிப் ஆறு. கோட்டுக் கையில் வரிசையாகக் கவ்வவிட்டு, மகள் கம்பத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒன்றைக் கழற்றிப் பைக்குள் போடுவாள். ஆறாவது கழன்றதும் கோட்டைத் திறந்து நேரத்தை நிறுத்துவாள்.

அன்றைக்கு அவளை வெருட்டியது, பதினான்கரைக்கு மேலே மிஞ்சிய அந்தப் பதினொரு விநாடிதான். மகள் அதை எட்ட மாதக்கணக்கில் ஆகும் என்று நினைத்திருந்தாள். பார்த்தால் பதினொரு விநாடி தள்ளி நிற்கிறது, மகள் இல்லாத வீடு.

ஆறு வருடத்துக்கு முன் கணவன் ஜெயரத்தினம் வேலை என்று ஸ்தவாங்கர் நகரத்துக்குப் போனவன், அங்கேயே இன்னொரு வீடு பார்த்துக்கொண்டான். அப்போதுகூட அவளுக்கு இப்படி இருக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று சோற்றுக்கோப்பையை நீட்டிக்கொண்டு எதிரே இருந்தது. இப்போது முதியோர் இல்லத்துச் சமையலறையில் பின்னேர வேலை முடித்து அவள் வரும்போது, நாலாம் மாடி யன்னலில் வெளிச்சம் தெரியும். நத்தாருக்கு யதுர்ஷா கட்டிவிட்ட காகித நட்சத்திரம், தை பிறந்தும் கழற்றாமல் அங்கேயே எரிகிறது. பஸ்ஸால் இறங்கினால் முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

அடுத்த கிழமை குறொன்லாண்ட் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போன இடத்தில் பூமணி பிடித்துக்கொண்டாள். பூமணிக்குத் தெரியாத சங்கதி ஒஸ்லோவில் கிடையாது.

“என்ன மலர், உன்ரை பெட்டை ஆமிக்குப் போறாளாம்? ஊரிலை நாங்கள் ஆமியைக் கண்டு ஓடினனாங்கள். இவள் இஞ்சை ஆமிக்குப் போக ஓடுறாளோ?”

கறிவேப்பிலைப் பைகளுக்கு மேலால் அவளே ஒரு பாட்டம் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“விடாதை. ஆமி உன்ரை தம்பியைக் கொண்டுபோனதைச் சொல்லு. ‘அந்தச் சப்பாத்தை என்ரை வீட்டு வாசல்லை பாக்கேலாது பிள்ளை’ எண்டு ஒருக்கா அழு. நல்ல பிள்ளை அவள், விட்டிடுவாள்.”

உண்மைதான், விட்டுவிடுவாள். யாரும் மறுத்துப் பேச முடியாத காரணம் அது. திரும்பும்போது தே-பானே ரயிலில் வழி முழுக்க செல்வமலர் அதை வாய்க்குள் வைத்து உருட்டிப் பார்த்தாள். சொல்ல வரவில்லை. தம்பியை நினைத்து அவள் அழுத அழுகை வேறு. இது அதுவல்ல. இது இரண்டு கோப்பை கழுவின இடத்தில் ஒரு கோப்பை கழுவ வேண்டிவரும் என்ற பயம். செத்துப்போனவனைக் கூட்டிவந்து இதற்குச் சாட்சி வைக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

அதனால் விநாடிகளிலேயே கைவைத்தாள். பதினான்கு இருபது, பதினைந்து ஐந்தானது. பதினான்கு நாலு, பதினான்கு ஐம்பதானது. மகள் சோர்ந்து விட்டுவிடுவாள் என்பது அவளுடைய கணக்கு. யதுர்ஷாவோ ஒவ்வொரு பொய்க்கும் ஒரு பிடி கூடுதலாக ஓடினாள். வெள்ளிக்கிழமை தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய், சனிக்கிழமை ஓட்டத்தில் தொப்பிக்குக் கீழே வெள்ளையாய்க் கட்டிப்போனது. “அம்மா, திரி வைச்சால் என்ரை பின்னலைக் கொளுத்தலாம்,” என்று சிரித்தபடியே ஏழாவதாக ஒரு சுற்றும் ஓடினாள். செல்வமலர் சுடுதண்ணீரில் துணி நனைத்து அந்தப் பின்னலைத் துடைத்துவிட்டாள்.

இரண்டாம் மாடி ஆன்ட்ரியாஸ் நாயோடு வருவார். மனைவி போனபிறகு நாயோடுதான் அவருடைய பேச்செல்லாம். காலநிலை, பல்வலி, நேற்றுத் தொலைக்காட்சியில் பார்த்தது எல்லாம் அதற்கு விபரமாகச் சொல்லிக்கொண்டு நடப்பார். வியாழக்கிழமை கம்பத்தடியில் நின்று, “உங்கள் மகள் நாளுக்கு நாள் வேகமாகிறாள்,” என்றார். செல்வமலர் தலையாட்டினாள். அவர் போகும்போது நாயிடம் அதையே திரும்பச் சொன்னது கேட்டது. நானும் யாரிடமாவது இப்படிச் சொல்லிக்கொண்டு நடக்க வேண்டிவருமோ என்று அவளுடைய மனதில் ஓடியது.

தெரிவு நாளுக்கு முந்திய ஞாயிறு மைனஸ் பத்தொன்பது. யதுர்ஷா வழக்கம்போலத் துள்ளவில்லை. சப்பாத்தின் அடியில் பனி ஆணிகளைப் பூட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

“இண்டைக்கும் பதினாலரைக்கு மேலை எண்டால் நான் மெயில் போட்டு விலகிறன் அம்மா. அங்கை போய்க் கடைசியா ஓடிவந்து நிக்கேலாது.”

செல்வமலர் ஆறு கிளிப்பையும் கோட்டுக் கையில் மாட்டினாள்.

பாதை கிறீச்சிட்டது. முதல் கிளிப். இரண்டாவது. மைதானத்தின் மறுபக்கம் குவித்திருந்த பனிமேட்டுக்குப் பின்னால் மகள் மறைவதும் இந்தப் பக்கம் முளைப்பதுமாக இருந்தாள். நாலாவது சுற்றில் வாய் கோணிவிட்டது. ஐந்தாவதில் கைகள் கட்டுப்பாடில்லாமல் அலைந்தன. நின்றுவிடு பிள்ளை என்று சொல்லத்தான் செல்வமலர் வாயைத் திறந்தாள்.

“விடாதை! ஓடு!”

யார் கத்தியது என்று அவளே ஒரு கணம் திகைத்துப்போனாள்.

ஆறாவது கழன்றது. கோட்டைத் திறந்தாள். பதின்மூன்று ஐம்பத்திரண்டு. யதுர்ஷா பனியில் மல்லாந்து கிடந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. கண்கள் மட்டும் தாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது ஒரு எண்ணைச் சொன்னால் போதும். நட்சத்திரம் எரிந்துகொண்டே இருக்கும்.

செல்வமலர் குனிந்து கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

யதுர்ஷா எழுந்து உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றி அதை வாங்கினாள். நெடுநேரம் பார்த்தாள். சிரிப்பு வரத் தொடங்கிப் பாதியில் நின்றது.

“வியாழக்கிழமை எவ்வளவு அம்மா?”

“பதினாலு நாலு.”

“அதுக்கு முதல்?”

“பதினாலு இருவது.”

யதுர்ஷா தாயைப் பார்க்கவில்லை. கட்டடத்தைப் பார்த்தாள். நாலாம் மாடியில் காகித நட்சத்திரம். பக்கத்து யன்னல்களில் எல்லாம் எப்போதோ கழற்றியிருந்தார்கள். அவள் எழுந்து பனியைத் தட்டினாள். சூடு போகுமுன் கைப்பேசியைத் தாயின் கம்பளிக்குள் செருகி, கோட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அந்த விரல்கள் தாயின் தாடையடியில் ஒரு கணம் நின்றன, பனிக்கட்டி மாதிரி.

“ஒரு சுத்து மெல்லமா ஓடி உடம்பை ஆத்திக்கொண்டு வாறன்.”

நாலடி போய், திரும்பாமலே சொன்னாள்.

“நேரம் பிடிக்கத் தேவையில்லை.”

மெல்லத்தான் ஓடினாள். ஒரு கம்பத்தின் வெளிச்சத்தில் தெரிந்தாள், அடுத்ததில் தெரிந்தாள், பிறகு பனிமேட்டுக்குப் பின்னால் போனாள். செல்வமலர் பையைத் துழாவி ஒரு கிளிப்பை எடுத்துக் கோட்டுக் கையில் கவ்வவிட்டாள். மறுகையை அதன்மேல் வைத்துக்கொண்டு, மேட்டின் இந்தப் பக்கத்தையே பார்த்தபடி நின்றாள்.